43.59

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் பதிவானவை 43.59 சதவீத வாக்குகள். மாநிலத்தின் மொத்த நகர்ப்புறங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 60. மறுநாளே, படித்தவர்களின் சோம்பல் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சரிபார்க்கும் மேசையில் அன்று அமர்ந்திருந்த எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலை விரித்துக்கொண்டார்கள். வராதவர்களைத் தேடிப்பிடிக்க ஆள் அனுப்ப வேண்டுமே. ஒரே தெருவின் பெயர்கள் வரிசையாக அடிபடாமல் கிடந்தன. "அவர்களை எல்லாம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள், சார்" என்றார் ஒரு முகவர். ஆற்றோரக் குடிசைகளை அகற்றி நகருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடியேற்றிய மக்கள். ஆள் அங்கே, பெயர் இங்கே. இறந்தவர் பெயர்களும் ஆங்காங்கே இருந்தன. சதவீதக் கணக்கில் இவர்கள் எல்லோரும் வாக்களிக்காத சோம்பேறிகள்தாம்!

வந்தவர்களுக்கும் குழப்பம் இருந்தது. "மேயருக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது?" என்று கேட்டார் ஒரு மூதாட்டி. 2011இல் மேயருக்குத் தனி வாக்கு உண்டு. இந்த முறை கவுன்சிலருக்கு மட்டும்தான். மேயரை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்றேன். "அப்புறம் நான் எதற்கு?" என்று முணுமுணுத்தபடி விரலை நீட்டினார்.

முடிவு வந்தபோது 200 வார்டுகளில் திமுக 153. பத்து ஆண்டுகளுக்கு முன் அதே 200இல் அதிமுக 168. சென்னையே கட்சி மாறிவிட்டது என்று இதைப் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2011 மே மாதம் அதிமுக ஆட்சிக்கு வந்தது, அக்டோபரில் மாநகராட்சி அதன் கையில். 2021 மே மாதம் திமுக வந்தது, ஓராண்டுக்குள் இந்தத் தேர்தல். வார்டுக் குழாயில் தண்ணீர் வர வேண்டுமென்றால் கோட்டையில் இருப்பவரின் ஆள் நமக்கு வேண்டும் என்பது பழைய கணக்கு. அதிலும் பாதிப் பேர்கூட வராத தேர்தலில், மூன்று மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் அழைத்துவர ஆள்பலம் உள்ள கட்சிக்கே கை ஓங்கும்.

எங்கள் சாவடியின் முகவர்களில் ஒருவர், சென்ற தேர்தலில் எதிர்க்கட்சிக்காக இதே பள்ளியில் உட்கார்ந்ததாக அவரே சொன்னார். எதிர்ப்பக்கத்து முகவர் அவருக்கும் சேர்த்தே டீ வரவழைத்திருந்தார்.