சைலோ வருவதற்கு முன்னால்

என்னிடம் வேலை பார்க்கும் பெண் அவள். அந்தக் கேள்வியைச் சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நாகர்கோவில் அலுவலகத்தில் ஆனி மாதச் சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அன்றைக்கே அடித்தளப் படங்களை அனுப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருந்தேன்.

"சார், சைலோ நிக்கதுக்கு முன்னாடி குளிர் வந்துட்டா பைலுக்கு என்ன ஆவும்?"

"அத சைட்டுல உள்ளவங்க பாத்துக்கிடுவாங்க மக்ளே. நீ டிராயிங்க முடி."

அவ்வளவுதான் பேச்சு. பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

கனடாவில், சஸ்காட்செவனில் தானியம் கொட்டி வைக்கும் எஃகு சைலோக்கள் அவை. பைல் என்றது அவற்றைத் தாங்க நிலத்துக்குள் இறக்கும் காங்கிரீட் தூணை. நிறைந்தால் சைலோ ஒவ்வொன்றும் 2000 டன்னுக்கு மேல். அத்தனை கனம் என்றதும் மனம் கீழ்நோக்கியே யோசித்தது. 6 மீட்டர் ஆழத்தில் கெட்டியான மண் கிடைத்தது. பைலின் அடி அதில் உட்கார்ந்தால் போதும் என்று முடிவு செய்தேன். பைலைச் சுற்றியுள்ள மண்ணின் பக்கவாட்டுப் பிடிப்பை நம்பவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஆனால் அந்த ஊர் மண் பைலை மேலே தூக்கவும் செய்யும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம், அது மட்டும் என்றால் பெரிய சேதமில்லை. நுண்ணிய வண்டல் மண், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது மேலே பாளம் பாளமாக உறைந்து தடிக்கும். பைலோடு ஒட்டி உறைந்த மண் உயரும்போது பைலையும் பிடித்து இழுக்கும். கோடையில் பனி இளகினாலும் பைல் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

பைலின் விட்டம் 400 மில்லிமீட்டர், மண் உறையும் ஆழம் 2 மீட்டர். காங்கிரீட்டோடு மண் உறைந்து ஒட்டும் பிடிக்கு அங்கே வழக்கமாக எடுப்பது சதுர மீட்டருக்கு 65 கிலோநியூட்டன். உறையும் ஆழம் வரை பைலின் சுற்றுப் பரப்பால் பெருக்கினால் 163 கிலோநியூட்டன், அதாவது ஒரு பைலுக்கு 16 டன்னுக்கும் மேல். இது என் கணக்கில் இருந்தது, நான் இதை மறக்கவில்லை. ஆனால் அதை எதிர்த்து நிற்க, மேலே வரும் காங்கிரீட் தளத்தையும் காலி சைலோவின் எடையையும் வைத்திருந்தேன். அவை இரண்டும் இல்லாமல் பைல் மட்டும் நின்றால் அதன் சொந்த எடை 2 டன்கூட இல்லை.

அவள் கேட்டது அதைத்தான்.

சைலோ வரத் தாமதமானது. பைல்கள் போட்டு முடித்ததோடு வேலை நின்று, குளிர்காலம் முழுக்க அவை வெறுமனே நின்றன. ஏப்ரலில் அளவெடுத்து அனுப்பினார்கள். சில பைல்கள் 20 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருந்தன. விரல் தடிமன்தானே என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. அடியில் தாங்க வேண்டிய பைல் 20 மில்லிமீட்டர் உயர்ந்தால், அதன் அடியில் அவ்வளவுக்கு வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். தானியம் நிறையும்போது ஒவ்வொரு பைலும் ஒவ்வொரு அளவுக்கு இறங்கும். கூடுதல் பைல்கள் போட்டோம். மாதங்கள் போயின.

எங்களுக்குக் கொடுத்த கால அட்டவணைப்படி நவம்பருக்கு முன்பே தளம் போட்டு முடித்திருக்க வேண்டும். இடைக்காலப் பாதுகாப்பு எங்கள் வேலை வரம்பில் இல்லை. குளிருக்கு முன் வைக்கோலோ காப்புப் போர்வையோ போட்டு நிலத்தை மூடுவது அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. எல்லாம் உண்மை, இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனாலும் படத்தின் ஓரத்தில் "தளம் இல்லாமல் பைல்களைக் குளிர்காலத்தில் விடக்கூடாது" என்று ஒரு வரி எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பைலின் மேல் 2 மீட்டருக்கு, மண் ஒட்டாதபடி ஒரு உறை காட்டியிருந்தால்?

உறைந்த மண்ணை நான் கண்ணால் பார்த்ததில்லை என்று வீட்டில் சொன்னேன். நம் மாவட்டத்தில் மார்கழிக்கு ஒரு போர்வை போதும், அந்தக் குளிர் எனக்கு எண்களாகத்தான் தெரியும் என்றேன். சொல்லும்போதே அந்தச் சாக்கு நிற்கவில்லை. கேள்வி கேட்டவளுக்கு ஊர் தக்கலைப் பக்கம், அவளும் பார்த்ததில்லை. பார்க்காமலேதான் கேட்டாள்.

அவளிடம் வருத்தம் சொன்னேன். "விடுங்க சார், எனக்கும் உறுதியாத் தெரியாம சும்மாதான் கேட்டேன்" என்றாள். அது என்னைத் தேற்றச் சொன்னதா, நிஜமா என்று இன்னும் பிடிபடவில்லை. உறுதியாகத் தெரிந்திருந்தால் இன்னொரு முறை கேட்டிருப்பாளா? கேட்டிருந்தாலும் அன்றைய அவசரத்தில் நான் நின்று கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஒரு எண்ணெய்த் தொட்டியின் அடித்தளப் படம் அவளிடமிருந்து வந்தது. குளிர்காலக் குறிப்பை அவளே எழுதியிருந்தாள், தெளிவாக, மூன்று வரியில். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் எழுந்துபோய் அவள் மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். "என்ன சார்?" என்றாள். "ஒண்ணுமில்ல மக்ளே" என்று திரும்பி வந்துவிட்டேன்.