பெர்லினில் ஊர்க்காரர் மாதிரி சுற்ற

முதலில் தடுமாறுவது டிக்கெட்டில்தான். ரயில், பஸ் கட்டணத்துக்காக ஊரையும் சுற்றுப்புறத்தையும் ஏ, பி, சி என்று வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஊருக்குள் சுற்ற ஏபி வட்ட டிக்கெட் போதும். விமான நிலையம் சி வட்டத்தில் இருப்பதால் அங்கிருந்து வர ஏபிசி எடுக்க வேண்டும். ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது, அப்படியே உள்ளே போய்விடலாம். ஆபத்தும் அங்கேதான். மெஷினில் எடுத்த காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்தாவிட்டால் அது செல்லாது. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். அபராதம் 60 யூரோ. ஏபி ஒற்றை டிக்கெட் 2 மணி நேரம் செல்லும், எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் அதை வைத்துப் போன வழியே திரும்பக் கூடாது.

சுற்றுலா பஸ்ஸுக்குக் காசு கொட்டாதீர்கள். 100ஆம் எண் நகரப் பஸ்ஸே நாடாளுமன்றம், அருங்காட்சியகத் தீவு வழியாக நகர மையச் சதுக்கமான அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் போகிறது. அது இரண்டடுக்கு பஸ், மாடியில் முன் இருக்கையைப் பிடியுங்கள்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைப்பு. பால், ரொட்டியெல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் விலையோடு 25 சென்ட் முன்பணமும் சேரும். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டு, வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் காசு திரும்பும். நசுக்கிவிட்டால் மெஷின் ஏற்காது. திருப்பித் தர நேரமில்லையா? குப்பைத்தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள், பாட்டில் சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அருமையான வழக்கம் இது.

மாலையில் டெம்பல்ஹோஃப் போங்கள். 2008இல் மூடிய விமான நிலையம், இப்போது பூங்கா. ஓடுபாதையிலேயே சைக்கிள் ஓட்டலாம். இருட்டினால் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள்.