எறக்கிக்கிடலாம்

"கேமெல்லாம் திரும்ப எறக்கிக்கிடலாம் தம்பி."

நான் சொன்னது இவ்வளவுதான். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் மேசையில் எந்த மெஷின் வந்தாலும் இதைச் சொல்லிப் பழகிய வாய். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு அந்தக் கணக்கிலேயே கிடக்கும். டிஸ்க் போனாலும் போகாது. அதனால் டேட்டா எடுக்கும்போது கேமை எடுப்பதில்லை. ஒவ்வொன்றும் பத்து, இருபது ஜிபி. சாகக் கிடக்கிற டிஸ்கிலிருந்து அதைப் போய் யார் இழுப்பது?

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு நெல்லையில் சர்வீஸ் மேசைகள் எப்படி இருந்தன என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மெஷின் தண்ணீரில் நனையவில்லை. கொக்கிரகுளத்து வீடு. தண்ணீர் ஏற ஏற மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது படியில் இடித்திருக்கிறது. நனைந்தது கீழ் டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்க். அதைத் திறந்தபோது உள்ளே சேறு.

2013 கடைசியில் வந்த 27 அங்குல ஐமேக், 2018-ன் மேக் ஓஎஸ் பதிப்பான மொஹாவே போட்டது, ஃப்யூஷன் டிரைவ் உள்ளது. ஃப்யூஷன் என்றால் போர்டில் செருகிய 128 ஜிபி எஸ்எஸ்டி பிளேடும் 1 டிபி சுழலும் டிஸ்கும் சேர்ந்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாடு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பேரேடும் அடிக்கடி தொடும் துண்டுகளும் பிளேடில் இருக்கும். மற்ற பெரும்பகுதி சுழலும் டிஸ்கில். இரண்டில் ஒன்று போனால் மற்றது கிழிந்த நோட்டின் பாதி மாதிரிதான். இங்கே சுழலும் பாதிதான் இழுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பெண்டிங் செக்டார்', அதாவது படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கூடியிருந்தது.

முறையாகச் செய்வதென்றால் பிளேடையும் டிஸ்கையும் தனித்தனியே டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியை வைத்து முழுப்படம் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிவிட்டு நல்லதை எல்லாம் அள்ளி, பிறகு எது வந்தது, எது விட்டது என்று குறித்த மேப் கோப்பை வைத்துக்கொண்டு விட்ட இடங்களுக்குத் திரும்ப வேண்டும். அந்த நிலையில் இருந்த 1 டிபிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பிளேடை எடுக்க வேண்டுமென்றால் போர்டையே கழற்ற வேண்டும். வரிசையில் மற்ற மெஷின்கள் சேறோடு காத்துக்கிடந்தன. நான் குறுக்கு வழியில் போனேன். வெளி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்து, ஃப்யூஷன் டிஸ்கைத் திறந்து, வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் நகல் எடுப்பது. அதற்காகத்தான் கேட்டேன், என்னென்ன வேண்டும் என்று.

"போட்டோவும் டாக்குமெண்டும் போதும் அண்ணாச்சி. மத்தது போவட்டும்," என்றார் அப்பா.

"அண்ணே, என் கேம்?" என்றான் பையன்.

"வீட்டுக்குள்ள தண்ணி நிக்கி, இவன் கம்ப்யூட்டர்ல கட்டுன ஊருக்கு அழுதான்," என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சொன்னதுதான் முதலில் எழுதிய வரி.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒரு ராத்திரியில் வந்து சேர்ந்தன. லைப்ரரி ஃபோல்டரைத் தொடவில்லை. மேக்கில் அது மறைந்திருக்கும். ஃபைண்டரில் 'கோ' மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால்தான் கண்ணில் படும். அதற்குள் 'அப்ளிகேஷன் சப்போர்ட்' என்று ஒரு ஃபோல்டர். விளையாட்டுகள் பலவும் தங்கள் சேமிப்பை அங்கேதான் வைக்கின்றன. சில விளையாட்டுகளுக்கு ஸ்டீம் கிளவுடில் ஒரு நகல் இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. பையன் மூன்று வருஷமாகக் கட்டிய ஊர் இருந்தது அந்த ஃபோல்டரில். அளவு சில எம்பி இருந்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. தெரியாத விஷயமும் இல்லை. கேட்டதை எடுத்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டவர்கள் இரண்டு பேர் என்பதுதான் உறுத்துகிறது.

பிறகு நடந்தது வழக்கமான வேலை. பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரியான கருவியால் திரை ஓரத்து ஒட்டுப்பட்டையை அறுத்து, பழைய டிஸ்கை எடுத்து, எஸ்எஸ்டி மாட்டி, புதுப் பட்டை ஒட்டியாயிற்று. பிளேடைத் துடைத்துத் தனி டிஸ்காக்கினேன். அந்த மாடல் ஏற்கும் கடைசி மேக் ஓஎஸ் பதிப்பு, மொஹாவேக்கு அடுத்து வந்த கேட்டலினா. அதைப் போட்டேன். 'மெஷின் தாங்குகிற கடைசி பதிப்பைப் போடு' என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

பொங்கல் கழிந்து பையன் மட்டும் வந்தான்.

"எறக்கிக்கிடலாம்னு சொன்னியளேண்ணே. எறக்குனேன். எறங்கிச்சு. ஓடலை."

அவன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான். ஐகானின் மேல் குறுக்குக்கோடு போட்ட வட்டம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா, பழைய முறையில் செய்த 32 பிட் செயலி எதையும் திறக்காது. மொஹாவேதான் அதற்குக் கடைசி. 2018-லிருந்தே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. போர்ட்டல் 2, லெஃப்ட் 4 டெட் 2 போன்ற பேர்பெற்ற விளையாட்டுகளின் மேக் பதிப்புகளே 32 பிட்டில் நின்றுவிட்டவை. நகரம் கட்டும் அந்தப் பழைய விளையாட்டும் அதே ரகம். மேக்குக்கு மாற்றித் தந்த நிறுவனம் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போயிருக்கும். ஆட்கள் குறைவு என்று ஆதரவை நிறுத்துவார்கள், ஆதரவு இல்லையென்று இருக்கிற ஆட்களும் போவார்கள். 2023-ல் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மேக்குக்கு வராததற்கு அதைச் செய்த வால்வ் நிறுவனம் சொன்ன காரணமும் அதுதான். மேக், பழைய கிராபிக்ஸ் கார்டு, 32 பிட் விண்டோஸ் எல்லாம் சேர்த்தே ஒரு சதவீத ஆட்டக்காரர் இல்லையாம்.

எடுத்து வைக்கும் முன் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மொஹாவேயில் 'அபவுட் திஸ் மேக்', அதில் 'சிஸ்டம் ரிப்போர்ட்', அதில் 'லெகசி சாஃப்ட்வேர்'. 32 பிட் செயலிகள் அங்கே வரிசையாக நிற்கும். அரை நிமிஷம். நான் பார்க்கவில்லை.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117 மொஹாவேயில் ஏறாது. பழைய பிரவுசரில் பேங்க் வேலை பார்க்கச் சொல்ல முடியுமா? ஸ்டீமும் உள்ளுக்குள் ஒரு குரோமை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. 2024 பிப்ரவரி 15-லிருந்து மொஹாவேக்கு ஸ்டீம் ஆதரவும் இல்லை. ஆக மொஹாவே போட்டுக் கொடுத்திருந்தாலும் விளையாட்டு ஓடியிருக்கும், அதை இறக்கித் தரும் கடை மூடத் தொடங்கியிருக்கும். கேட்டலினாவில் கடை திறந்திருந்தது, சரக்கு ஓடவில்லை. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்தாயிற்று. சொல்லும்போதெல்லாம் இன்னொரு கணக்கும் கூடவே வருகிறது. கேட்டலினாவுக்கே பாதுகாப்பு அப்டேட் 2022-ல் நின்றுபோனது. குரோமும் 128-வது பதிப்போடு, 2024-லேயே, அதைக் கைவிட்டது. நான் அந்த வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தது ஏறக்குறைய ஒரு வருஷத்து பிரவுசர். விலை, அந்த மெஷினில் இருந்த 32 பிட் விளையாட்டு அத்தனையும்.

இரண்டையும் செய்திருக்கலாம் என்பதுதான் இதில் மோசம். துடைத்து வைத்த அந்த 128 ஜிபி பிளேடு சும்மா கிடந்தது. அதில் மொஹாவே, எஸ்எஸ்டியில் கேட்டலினா. தொடங்கும்போது ஆப்ஷன் விசையைப் பிடித்தால் எது வேண்டும் என்று கேட்கும். கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆகும். இதில் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. முன்பே இறக்கி வைத்திருந்த மொஹாவே இன்ஸ்டாலர் 'கெட்டுப்போய்விட்டது' என்று சொல்லும். கெடவில்லை, அதன் சான்றிதழ் 2019 அக்டோபர் 24-ல் காலாவதியானது. புதிதாக இறக்க வேண்டும், இல்லையென்றால் நெட்டைத் துண்டித்துவிட்டு டெர்மினலில் தேதியைப் பின்னால் தள்ள வேண்டும். மொஹாவே ஏறியதும் ஸ்டீமில் ஒருமுறை நுழைந்து, ஒவ்வொரு விளையாட்டையும் ஒருமுறை திறந்து மூடி, ஆஃப்லைனுக்கு மாற்றிவிட்டிருந்தால் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். ஜிஓஜி என்ற இன்னொரு கேம் கடையில் வாங்கியவை இன்னும் நல்லது. அவற்றின் இன்ஸ்டாலரை இறக்கித் தனி டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்காது.

பையனிடம் அன்று இதைச் சொல்லவில்லை. விண்டோஸ் பற்றிச் சொன்னேன். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுக்கு மேக், விண்டோஸ் இரண்டு பதிப்பும் இருந்தால் ஒரே காசில் இரண்டும் கிடைக்கும். இன்டெல் மேக்கில் விண்டோஸ் போட ஆப்பிள் தந்த பூட்கேம்ப் வைத்து விண்டோஸ் 10 போட்டால் அவன் விளையாட்டுகள் அத்தனையும் ஓடும். அப்படிப் பார்த்தால் நான் சொன்ன 'எறக்கிக்கிடலாம்' பொய் இல்லை, எதில் என்று சொல்லாமல் விட்டேன். அதிலும் சிக்கல் உண்டு. 2013 மாடலுக்கு 16 ஜிபி பென்டிரைவ் வேண்டும். விண்டோஸ் 10-இன் பிந்தைய ஐஎஸ்ஓக்களில், அதாவது இன்ஸ்டால் படங்களில், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டும். பூட்கேம்ப் அந்தப் பென்டிரைவை, அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காத ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்வதால் அது உள்ளே போகாது, ஆனால் 'இடம் போதவில்லை' என்று வேறு காரணம் சொல்லும். பென்டிரைவில் இடம் இருக்கும். பலர் இங்கே வேறு பென்டிரைவ் வாங்கி ஏமாறுகிறார்கள். ஐஎஸ்ஓவின் பழைய பதிப்புதான் மருந்து. அவனுக்கு அது வேண்டாம். "ஊரு வராதுல்லாண்ணே," என்றான். சேமிப்பு வராது. உண்மைதான். அந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. 11 அந்த மெஷினை ஏற்காது.

இப்போது இதை எழுதக் காரணம் அந்த ஐமேக் மட்டும் இல்லை. 2025 ஜூனில் ஆப்பிள் சொல்லிவிட்டது: இன்டெல் மேக்குக்கு மேக் ஓஎஸ் 26 கடைசி. ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள எம்1 முதலான மெஷின்களில் இன்டெல் செயலிகளை ஓட வைக்கும் ரொசெட்டா முழுதாக இருப்பது 27 வரை. அதற்குப் பிறகு, கவனிப்பாரற்ற பழைய விளையாட்டுகளுக்காக அதில் ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்பார்களாம். 'பழைய விளையாட்டு' என்று அவர்களே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது ஆச்சரியம்தான். எந்த விளையாட்டு, எத்தனை நாள் என்பது அதில் இல்லை. 2006-ல் வந்த முதல் ரொசெட்டாவை 2011-ல் லயன் பதிப்போடு எடுத்தபோது இப்படிக் கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லை. புதிய விளையாட்டுகள் வராமலும் இல்லை. சைபர்பங்க் 2077 கூட 2025 ஜூலையில் மேக்குக்கு வந்தது. வருவதைப் பற்றி எங்கள் மேசையில் யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே வாங்கியதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

அதனால் ஜாப் கார்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கேம் உண்டா, சேமிப்பு வேண்டுமா'. லைப்ரரி ஃபோல்டரைக் கேட்காமலே எடுத்துவிடுகிறேன். ஆக்டிவிட்டி மானிட்டரில் 'கைண்ட்' என்ற பத்தியைத் திறந்து எது ஆப்பிள், எது இன்டெல் என்று காட்டுகிறேன். காட்டிவிட்டு, முடிவில் கடைசி பதிப்பைத்தான் போடுகிறேன். போன வாரமும் ஒரு எம்1-க்கு அப்படித்தான். "கேம் ஓடும்லா?" என்று கேட்டார். "இப்பத்திக்கு ஓடும்," என்றேன். 'இப்பத்திக்கு' என்ற சொல் ஒன்றுதான் நான் புதிதாகக் கற்றது போல.

பையன் இன்னொரு முறையும் வந்தான், போன ஆனி மாசம். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறானாம்.

"அந்தப் பழைய டிஸ்க் கெடக்காண்ணே? நானே ரெக்கவரி பாத்துப் படிக்கலாம்னு."

கிடந்தது. பேர் எழுதிய ஸ்டிக்கரோடு அலமாரியில் இருந்தது. குமிழித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். போட்டோ மாதிரி தெரிந்த வடிவமுள்ள கோப்புகளை அந்த டிஸ்கை மட்டும் வைத்துக்கூடத் தேடிப் பொறுக்கலாம். ஒரு விளையாட்டின் சேமிப்பைப் பொறுக்க, அது எங்கே இருந்தது என்ற பேரேடு வேண்டும். அந்தப் பேரேடு பிளேடில் இருந்தது. பிளேடைத் துடைத்தது நான்.

"பாத்து வச்சுக்கோ தம்பி, தட்டிறாத," என்று மட்டும் சொன்னேன்.