3.3 சதவீதமா, 0.471 சதவீதமா: ஹான்ஃபோர்டில் ஒரு வரிக் கணக்கு

வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாண்டில் ஒரு சிறிய துப்புரவு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். ஊரை ஒட்டியே ஹான்ஃபோர்ட். 1943-இல் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரிக்க எடுத்துக்கொண்ட பாலை நிலம் அது. அந்த வேலை விட்டுப்போன கழிவு 177 நிலத்தடித் தொட்டிகளில் இருக்கிறது. அங்கே நடக்கும் சுத்திகரிப்பில் எங்கள் ஆட்களுக்குத் துணை ஒப்பந்த வேலை.

இந்த மாநிலத்தில் கம்பெனியின் லாபத்துக்கு வரி இல்லை. மொத்த வரவுக்குத்தான் வரி. 'பி அண்ட் ஓ' (பிசினஸ் அண்ட் ஆக்குபேஷன்) வரி என்பார்கள். சம்பளம், டீசல், கையுறை எதையும் கழிக்க முடியாது. நஷ்டமான மாதத்திலும் கட்டியே ஆக வேண்டும். வேலையின் வகைக்கு ஏற்ப விகிதம் மாறும். அதனால் படிவத்தில் எந்தப் பிரிவில் தொகையை எழுதுகிறோம் என்பது ஒரு சிறு நிறுவனத்துக்கு உயிர்ப் பிரச்சினை.

நான் சேர்ந்தபோது பழைய கணக்கு முழுவதும் 'குறைந்த அளவு கதிரியக்கக் கழிவை அப்புறப்படுத்துதல்' என்ற பிரிவில் இருந்தது. அதன் விகிதம் 3.3 சதவீதம். முன்பு கணக்குப் பார்த்தவர் அந்தப் பிரிவின் பெயரைப் படித்து, நம் வேலை இதுதான் என்று நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மருத்துவமனை, பல்கலைக்கழகம், மின் நிலையம் ஆகியவற்றின் கழிவைக் கட்டணம் வாங்கிப் புதைக்கும் தனியார் குழிகளும் இதே ஹான்ஃபோர்ட் நிலத்துக்குள்தான் இருக்கின்றன. அந்த 3.3 அப்படிப் புதைப்பவர்களுக்கானது.

அணு ஆயுதத் தயாரிப்பு விட்டுப்போன கழிவை மத்திய அரசுக்காகச் சுத்தம் செய்தால் சட்டத்தில் வேறு விகிதம்: 0.471 சதவீதம். ஒரு லட்சம் டாலர் வரவுக்கு 3,300 எங்கே, 471 எங்கே! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் அப்படியே 0.471-க்கு மாற்றிவிட முடியாது. எந்த நிறுவனத்துக்கும் வழக்கமாகச் செய்து தரும் வேலை பொதுவாக அதில் சேராது. அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பது சேராது. கதிரியக்கம் பட்ட கருவியைத் துடைப்பது சேரும். எங்கள் ஆட்களோ இரண்டையும் செய்கிறார்கள். பில்லில் இருப்பது ஒரே வார்த்தை: 'சுத்தம் செய்தல், 2 நாள்'.

மேஸ்திரியிடம் உட்கார்ந்து வேலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சீட்டைக் காட்டி, "இது ரெஞ்சுகள். இரண்டு அடுக்குக் கையுறை போட்டுத் துடைத்தோம். துடைத்த துணியெல்லாம் மஞ்சள் பையில் போகும். அப்புறம் ஒவ்வொரு ரெஞ்சுக்கும் கதிரியக்கம் அளக்கும் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள்" என்றார். அடுத்த சீட்டு, ஒப்பந்ததாரர் அலுவலகக் கழிப்பறை. ஆள் அதே ஆள், வாரம் அதே வாரம். மூன்று வாரம் இப்படியே பிரித்தோம்.

அப்புறம் மாநில வருவாய்த் துறைக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு அனுப்பினேன். இதை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்: போனில் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். உண்மைகளை முழுசாகச் சொல்லிக் கேட்டால் அந்தப் பதில் அவர்களையும் கட்டுப்படுத்தும். சுத்திகரிப்பை நடத்தும் மத்திய எரிசக்தித் துறைக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் உள்ள ஒப்பந்தத்தின் எண், அதிலிருந்து எங்கள் துணை ஒப்பந்தம் வரை வரும் சங்கிலி, இரண்டு வகைக்கும் மாதிரி வேலைச்சீட்டு எல்லாம் வைத்தேன். அலுவலகத் துப்புரவையும் மறைக்கவில்லை. அதையும் குறைந்த விகிதத்தில் போடலாமே என்று ஒருவர் சொன்னார். இந்த மண்ணைச் சுத்தம் செய்கிறவர்களுக்காகக் கொடுத்த சலுகையை அதற்குப் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை.

அவர்கள் வேலை விவரம் கேட்டு ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு பதில் வந்தது. கருவி சுத்தம் 0.471. அலுவலகத் துப்புரவு 'சேவை' பிரிவில், எங்கள் அளவு நிறுவனத்துக்கு 1.5 சதவீதம். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க, வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரைதான் அவகாசம். அதற்குள் இருந்த கணக்குகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அதற்கு முந்தியது போனது போனதுதான். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது வேலைச்சீட்டின் மேலேயே இரண்டு கட்டம் அச்சிட்டிருக்கிறோம்: 'கதிரியக்கம் பட்டது', 'படாதது'. வேலை முடிந்ததும் மேஸ்திரி அங்கேயே டிக் போட்டுவிடுகிறார்.