கேமிங் சேனல்: படத்தைவிட ஒலிதான் படுத்தியது

ஒருவழியாக யூடியூபின் வருமானத் திட்டத்தில் சேனல் சேர்ந்துவிட்டது. சேனல் திறப்பது, பெயர் வைப்பது, முகப்புப் படம் போடுவது எல்லாம் ஒரே பொழுதில் முடிகிற வேலை. தொலைபேசி எண்ணை மட்டும் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீடியோவுக்குச் சொந்தத் தம்ப்நெயில் (முன்தோற்றப் படம்) போட முடியாது, 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. முதல்முறை லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். நேரத்தை எல்லோருக்கும் அறிவித்துவிட்டு அன்றைக்குப் போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

என்னை அலைக்கழித்தது ஒலி. விளையாட்டுக்குள் கார் ரேடியோவில் ஓடிய ஒரு பாட்டுக்காக, நன்றாக வந்திருந்த வீடியோவின் மேல் காப்புரிமைக் கிளெய்ம் (உரிமை கோரல்) விழுந்தது. விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இதில் பயனில்லை. அதை உருவாக்கியவர்களே பாட்டுக்கு உரிமம் வாங்கித்தான் சேர்த்திருப்பார்கள். ஒளிபரப்ப அவர்கள் தரும் அனுமதி பாட்டுக்குச் செல்லாது. கிளெய்மை எதிர்த்தால் உரிமை கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. பாட்டு உண்மையிலேயே அவருடையது என்றால் அந்தக் காத்திருப்பு வீண். யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தத் துண்டை வெட்டலாம், அல்லது பாட்டை மட்டும் அழிக்கலாம். வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டாம், சேர்ந்த பார்வைகளும் போகாது. ஆனால் பாட்டின் மேல் நீங்கள் பேசியிருந்தால் குரலும் சேர்ந்து சிதையக்கூடும்.

இந்தச் சிக்கலைப் பதிவு செய்யும்போதே தடுத்துவிடலாம். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளின் மேம்பட்ட ஒலி அமைப்பில் 1-ஆம் டிராக்கில் (ஒலித்தடத்தில்) எல்லாம் கலந்து வரட்டும். 2-இல் மைக் மட்டும், 3-இல் விளையாட்டு மட்டும், 4-இல் நண்பர்களின் பேச்சு. வெளியீட்டுப் பகுதியிலும் இந்த 4 டிராக்குகளையும் டிக் செய்ய வேண்டும்; பலர் கோட்டைவிடும் இடம் அது. பதிவை எம்கேவி என்ற கோப்பு வடிவில் வைத்து, பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்குங்கள். நடுவில் கணினி நின்றுபோனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமல் போய்விடும்.

டிராக் பிரித்தாலும் விளையாட்டின் இசையும் துப்பாக்கிச் சத்தமும் ஒன்றாகவே கிடக்கும். அதனால் விளையாட்டின் அமைப்புக்குள் போய் இசையைப் பூஜ்யமாக்குங்கள். சைபர்பங்க் 2077-இல் உரிமம் பெற்ற பாட்டுகளை மட்டும் அணைக்கத் தனி வசதியே இருக்கிறது.

அடுத்த ஆபத்து, ‘குழந்தைகளுக்கானது’ என்ற குறி. கட்டம் கட்டமான, பொம்மை மாதிரியான விளையாட்டு என்பதற்காக அதைத் தொடாதீர்கள். குறித்தால் கருத்துப் பெட்டி மூடிக்கொள்ளும், புது வீடியோ பற்றிய பெல் அறிவிப்பு போகாது. உங்கள் வீடியோ உண்மையில் சிறுவர்களை நோக்கியது என்றால் மட்டுமே அந்தக் குறி.

விளம்பரப்படுத்துவதில் எனக்குப் பலன் தந்தது ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள். ஆனால் ஷார்ட்ஸ் ஓடையில் (ஃபீடில்) பார்க்கும் நேரம், விளம்பர வருமானத்துக்குத் தேவையான 4,000 மணி நேரக் கணக்கில் சேராது. விளக்கத்தில் போடும் சுட்டியும் அங்கே வேலை செய்யாது. ‘தொடர்புடைய வீடியோ’ என்ற இடத்தில் முழு வீடியோவை இணையுங்கள். நெடிய வீடியோவுக்கு ஆள் வருவது அந்த வழியில்தான். ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்று சப்ஸ்கிரைபர் மாற்றிக்கொள்ளும் குழுக்கள் பக்கமே போகாதீர்கள். அது விதிமீறல், தவிர அவர்கள் யாரும் வீடியோ பார்க்கப்போவதில்லை.

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் ஸ்பான்சர் மின்னஞ்சல்கள் வரும். ‘எங்கள் புது விளையாட்டை முயன்று பாருங்கள்’ என்று கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு இணைத்திருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருப்பது உங்கள் உலாவியின் குக்கீகளை, அதாவது நீங்கள் உள்நுழைந்திருப்பதைக் குறித்துவைக்கும் சிறு தரவுகளை, திருடும் நிரல். குக்கீ கிடைத்துவிட்டால் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் சேனலுக்குள் நுழைந்துவிடுவார்கள். உண்மையான நிறுவனம் பெரும்பாலும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் பதியும் சாவி எண் ஒன்றைத்தான் அனுப்பும்.

பணம் தொடர்பாக ஒன்று: வருமானம் 10 டாலரைத் தொட்டதும் விளம்பரப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை உங்கள் முகவரிக்குத் தபாலில் பின் எண் அனுப்பும். கதவு எண் முதல் அஞ்சல் குறியீடு வரை சரியாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 4 மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.