வாசலில் வெள்ளைக்கோடு

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி ஒன்று. காலை ஐந்தரைக்குப் பால் கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காங்கேயம் பக்கம் பனி நன்றாகவே இறங்குகிறது. கட்டுத்தரையில் மாடுகள் விடும் மூச்சு புகையாகத் தெரிந்தது. அம்மா சாணி தெளித்து முடித்து, கொட்டாங்குச்சியில் கோலமாவோடு குனிந்திருந்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இறங்கி, ஈரச் சாணித் தரையில் ஒரு முழ நீளத்துக்கு நேர்கோடாக விழுந்தது.

அவ்வளவுதான். தொண்டைக்குப் பின்னால் அந்தக் கசப்பு இறங்கியது. மேல் ஈறு மரத்தது. வயிறு கலக்கி, கக்கூசுக்கு ஓட வேண்டும் போல ஆனது. பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே எனக்கு இப்படித்தான் கலக்கும்.

கேன் மூடி கைநழுவி உருண்டு, கோலத்தின் மேலேயே போய் விழுந்தது.

"என்ன கண்ணு, பனி ஒத்துக்கலையா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

கொக்கைன். வெள்ளைப் பொடியைக் கோடாக நீட்டி மூக்கில் இழுக்கிற போதை. கடைசியாக எடுத்தது செப்டம்பர் 9. இன்றோடு தொண்ணூற்றெட்டு நாள். மூக்கில் எதுவும் ஏறவில்லை. ஈறு மட்டும் எப்படி மரத்தது?

டிசம்பர் 17, செவ்வாய்

தூக்கமில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டில் பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், கொடுத்த விருந்தில் யாரோ சும்மா நீட்டியது முதல் தடவை. அப்புறம் நாலு வருடம், சீட்டுப் பணம், மனைவியின் வளையல். அந்தக் கதை எல்லோருக்கும் ஒன்றுதான், விடுங்கள்.

அப்பா திண்ணையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணு மாசம் ஆச்சுல்ல, இன்னேரம் மறந்திருப்பான்." குடியை விட்ட பெரியப்பாவை வைத்துக் கணக்குப் போடுகிறார். எனக்கும் அதே கணக்குதான் இருந்தது. முதல் மாதத்தைவிட இப்போது மோசமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? திருட்டுத்தனமாக எடுக்கிறான் என்பார்கள்.

டிசம்பர் 21, சனி

பல்லடம் வழியாக கோவை. "கவுன்சிலரைப் பார்க்கப் போறனுங்க" என்றதும் பக்கத்துத் தோட்டத்து மாமா, "எந்த வார்டுங்க மாப்பிள்ளை?" என்றார். சிங்காநல்லூர் வரை இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

போதையை விட்டவர்களுக்கு ஆலோசனை சொல்கிற என் கவுன்சிலர் மேடம் சிரிக்கவில்லை. கோலக் கதையைக் கேட்டுவிட்டு, "விட்டு எத்தனை மாசம்?" என்றார். நாலாவது தொடங்கியிருக்கிறது என்றேன். "அதான்" என்றார்.

2001-ல் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியாம். நெம்புகோலை அழுத்தினால் எலிக்குக் கொக்கைன், கூடவே ஒரு விளக்கும் சத்தமும். பிறகு மருந்தை நிறுத்திவிட்டு, சில எலிகளை ஒரே நாளிலும் சிலவற்றை அறுபது நாள் வரை விட்டுவைத்தும் சோதித்தார்கள். நாள் கூடக் கூட, வெறும் விளக்குக்கும் சத்தத்துக்கும் எலி நெம்புகோலை அதிகமாக அழுத்தியது. கோழி அடைகாப்பது போல ஏக்கம் உள்ளே சூடேறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வந்த ஆய்வில் கொக்கைன் பழகியவர்களின் மூளை மின்னலைகளைப் பதிந்தார்கள். விட்டு நாளாக ஆக ஆசை குறைந்ததாகத்தான் அவர்கள் வாய் சொன்னது. ஆனால் கொக்கைன் படத்தைக் காட்டியபோது, விட்டு ஒரு மாதம், ஆறு மாதம் ஆனவர்களின் மூளை, புதிதாக விட்டவர்களைவிட அதிகமாகத் துள்ளியது. ஒரு வருடம் ஆனவர்களிடம்தான் தணிந்திருந்தது.

திரும்பி வரும்போது சூலூர் தாண்டும் வரை அழுகை. பக்கத்து சீட்டு அம்மா ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு எலியாவது சாட்சி இருக்கிறதே.

டிசம்பர் 24, செவ்வாய்

அப்பாவுக்கு விளக்கிப் பார்த்தேன். வயலில் நின்றுகொண்டு சொன்னால்தான் அவருக்கு ஏறும்.

மூளையில் நரம்பு முனையிலிருந்து டோபமைன் என்கிற சேதி சொல்லும் ரசாயனம் வெளியே வரும். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அதே நரம்பு அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கிற அந்த வாயைக் கொக்கைன் அடைத்துவிடுகிறது.

"வடிகால்ல சாக்கைத் திணிச்ச மாதிரியா?"

"அதேதானுங்கப்பா."

மூக்கில் ஏற்றினால் அந்த வெள்ளம் அரைமணி நேரம்கூட ஒழுங்காக நிற்காது. ஆனால் தண்ணீர் வரப்பை அறுத்துக்கொண்டு போன தடம் நிற்கும். அடுத்த மழைக்கும் அங்கேதான் பாயும். சுண்டெலிக்குப் போட்ட ஒரே ஒரு ஊசியிலேயே டோபமைன் நரம்புகளுக்கு வரும் இணைப்பு வலுவாகி, ஐந்து நாள் அப்படியே நின்றிருக்கிறது. நான் நாலு வருடம் பாய்ச்சியவன்.

வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குரங்குகளைப் பற்றி அப்பாவிடம் சொல்லவில்லை, மோட்டார் போடப் போய்விட்டார். பழச்சாறு கொடுத்தால் குரங்கின் டோபமைன் நரம்புகள் துடிக்கும். சாற்றுக்கு முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிடும். சாறு வரும்போது ஒன்றும் இருக்காது. 2006-ல் நோரா வோல்கோவ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் கொக்கைன் பழகியவர்களுக்கு, பிறர் அதை எடுக்கும் வீடியோவை மட்டும் காட்டினார்கள். பழக்கங்களைப் பிடித்துவைக்கும் பகுதியில் டோபமைன் கூடியது. யாருக்கு அதிகம் கூடியதோ அவருக்கு ஏக்கமும் அதிகம். வீடியோவுக்கே அப்படி என்றால் எங்கள் அம்மா போடும் கோடு நல்ல கனமான கோடு.

டிசம்பர் 29, ஞாயிறு

மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது அப்பா சம்பந்தமில்லாமல் ஒரு கதை சொன்னார். அப்பாருவிடம், அதாவது என் தாத்தாவிடம், ஒரு மயிலைக் காளை இருந்ததாம். சந்தைக்குப் போகையில் இட்டேரி முக்கு டீக்கடையில் நிறுத்தி, அவர் டீ குடிப்பார், காளைக்குத் தண்ணீர் காட்டுவார். கடையைப் பிரித்து ரெண்டு வருடம் ஆன பிறகும் காளை அந்த முக்கில் நிற்கும். சாட்டையில் ரெண்டு போட்டால் நகரும், அடுத்த வாரமும் நிற்கும். கடைசியில் அப்பாரு அடிப்பதை விட்டுவிட்டார். முக்கு வந்ததும் இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தாண்டும் வரை கூடவே நடந்துவிட்டு ஏறிக்கொள்வாராம்.

ஏன் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 1, 2025, புதன்

பழைய கூட்டாளி ஒருவன் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினான். திரையில் பேர் வந்ததுமே வயிறு கலக்கியது. நம்பரை அழித்தேன். கடைசி நாலு இலக்கம் இன்னும் மனப்பாடம். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் அடி வாங்கியவன் நான்.

ஜனவரி 4, சனி

சிகிச்சை மையத்தில் இருபத்தெட்டு நாளும் படம், காகிதச் சுருள், பொய்ப்பொடி என்று காட்டிக் காட்டிப் பழக்கினார்களே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று மேடத்திடம் சண்டை போட்டேன். அந்தப் பயிற்சி பழைய நினைவை அழிப்பதில்லையாம். "இந்தப் படம் வந்தாலும் பொடி வராது" என்று இன்னொரு நினைவை அதன் மேல் எழுதுகிறது. அந்தப் புது நினைவு, எழுதின அறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இடம் மாறினால் பழையது தலைதூக்கும். நான் பழகியது கோவையில் ஒரு ஏசி ரூமில். வாசலில் யாரும் பழக்கவில்லை.

அழிக்கவே வழியில்லையா? 2012-ல் சீனாவில் ஹெராயின் பழகியவர்களுக்கு முதலில் சின்ன வீடியோ ஒன்றைக் காட்டி நினைவைக் கிளறி, பத்து நிமிடம் கழித்து இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறார்கள். கிளறிய நினைவு திரும்ப இறுகுவதற்குள் கைவைக்கிற யோசனை. ஆறு மாதம் கழித்தும் ஏக்கம் குறைவாகவே இருந்ததாம். "எனக்கும் செய்யுங்க" என்றேன். அது ஆய்வு, சிகிச்சை ஆகவில்லை என்றார். கொக்கைனை விடவைக்கவென்று அங்கீகரித்த மாத்திரையும் எதுவும் இல்லை. ஆக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வாசலிலேயே பழகிப் பார், ஆனால் தனியாக வேண்டாம், அம்மா பக்கத்தில் இருக்கட்டும், முடியாவிட்டால் எழுந்து வந்துவிடு என்றார்.

ஜனவரி 5, ஞாயிறு

மனைவி திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். "ஏனுங்க, அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டனுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

ஜனவரி 6, திங்கள்

அம்மா இன்று செம்மண்ணைக் கரைத்துக் கோலம் போட்டிருந்தார். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பால் ஊற்ற வந்த அக்கா, "ஏனுங்க பெரியம்மா, மார்கழியில மாவுக்குப் பஞ்சமா?" என்றதற்கு, "எறும்பு வருதாயா" என்றார். கல்மாவுக்கு எந்த எறும்பு வரும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டினேன். கூரை, கட்டுத்தரை, கிணற்று மேடு, எரு மேடு. பூளைப்பூவும் வெள்ளைதான், கையில் உதிர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஏன் இதற்கு ஆகவில்லை என்று யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் போயிற்று. கோடுதான் காரணம் போல, நிறம் இல்லை.

ஜனவரி 16, வியாழன்

பூப்பறிக்கிற நோம்பி, எங்கள் பக்கத்துக் காணும் பொங்கல். நாலரைக்கே எழுந்து அம்மாவிடம் "வெள்ளை மாவை எடுங்கம்மா" என்றேன். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார்.

நான் புள்ளி வைத்தேன், பதினொன்றில் தொடங்கி. அம்மா என் வலது பக்கம் முழங்கால் உரசும்படி உட்கார்ந்துகொண்டார். புள்ளிக்கு ஒன்றுமில்லை. முதல் கோட்டுக்குக் கசப்பு வந்தது. ஈறு மரத்தது. "வருதாடா?" என்றார். தலையாட்டினேன். "இருக்கட்டும், நீ இழு." என் கோடு ஆட்டுப்புழுக்கை மாதிரி விட்டு விட்டு விழுந்தது. "இதுக்கு நீ கம்பெனிக்கே போயிருக்கலாம்" என்றார்.

ஏழாவது வரிசையிலோ எட்டாவதிலோ கசப்பு எப்போது போனதென்று கவனிக்கவில்லை. பால் வண்டி ஹாரன் அடித்தது. கை முழுக்க மாவு, கேனை அம்மாதான் தூக்கிக்கொண்டு ஓடினார். இன்று ஆறரை லிட்டர்.