அமைதியாகிவிட்ட பெரியவர்களைப் பற்றி

எண்பது வயதை நெருங்கும் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், கூட்டம் கூடும் இடங்களுக்கு வரவில்லை என்று சொல்லத் தொடங்கினால், சேர்த்துவைத்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் முதலில் கவலைப்படுகிறார்கள். பிறகு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். நடைப்பயிற்சிக் குழு ஒன்றில் சேர்த்துவிடலாம், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளச் சொல்லலாம், தனியாக விடவே கூடாது என்பன போன்ற அந்த யோசனைகள் எல்லாம் அன்பிலிருந்து வருபவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனிதர் ஐம்பது வயதுக்குள் வளர்ந்து முடிந்துவிடுகிறார், அதன்பின் எஞ்சுவதெல்லாம் அந்த வளர்ச்சி குலையாமல் காத்துக்கொள்ளும் வேலை மட்டுமே என்ற எண்ணம் அவை அனைத்துக்கும் அடியில் இருக்கிறது. முதுமையின் பிற்பகுதியில் வரும் அமைதி பல நேரங்களில் வளர்ச்சியின் இன்னொரு கட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் அத்தையின் கடைசி ஆண்டுகளை அருகில் இருந்து பார்த்ததும், அதையொட்டி இத்துறையில் தேடிப் படித்ததும் சேர்ந்து தந்த நம்பிக்கை இது.

முதியவர்களின் இந்த ஒதுக்கத்தை ஆய்வாளர்களும் வெகுகாலம் ஒற்றைக் கண்ணோடுதான் பார்த்தார்கள். 1961இல் எலெய்ன் கம்மிங், வில்லியம் ஹென்றி ஆகிய இருவரும், முதுமையில் தனிமனிதரும் சமூகமும் ஒருவரிடமிருந்து ஒருவர் படிப்படியாக விலகிக்கொள்வது இயல்பு என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். மரணத்திற்கான ஆயத்தமாக முதுமையைச் சுருக்கிவிட்ட அந்தக் கோட்பாட்டுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் போன்றோர் நடுவயதின் செயல்பாடுகளை இயன்றவரை தொடர்வதே நல்ல முதுமை என்றார்கள். இன்று மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும் ஓய்வூதிய விளம்பரங்களிலும் நாம் காணும் முதியவர், ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் அந்த முதியவர், இரண்டாவது கோட்பாட்டின் வாரிசு. இரண்டு தரப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், நடுவயதையே அளவுகோலாக வைத்துக்கொண்டதில் ஒன்றுபட்டவை. ஒன்று அந்த அளவிலிருந்து இறங்குவதை ஏற்றுக்கொள்ளச் சொன்னது. மற்றொன்று இறங்காதே என்றது.

இந்த அளவுகோலையே கேள்வி கேட்டவர் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் லார்ஸ் டோர்ன்ஸ்டாம். 1989இல் அவர் ‘ஜெரோடிரான்ஸெண்டென்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். முதுமையில் தன்னைக் கடந்துபோதல் என்று நாம் அதைப் புரிந்துகொள்ளலாம். உழைப்பு, உற்பத்தி, சுதந்திரம், சாதனை ஆகிய நடுவயது விழுமியங்களை ஆய்வாளர்கள் தாமே கொண்டுபோய் முதியவர்கள் மீது சுமத்திவிட்டு, அவற்றில் எது குறைகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தியானத்தில் அமர்ந்திருக்கும் ஒரு ஜென் துறவியை அதே அளவுகோலால் அளந்தால் அவரும் வாழ்க்கையிலிருந்து விலகிப்போனவராகத்தான் தெரிவார் என்று அவர் எடுத்துக்காட்டினார். டென்மார்க்கில் 74 வயது முதல் 100 வயது வரையிலானவர்களிடம் 1990இல் நடத்தப்பட்ட ஆய்வில், அவர்கள் தங்கள் ஐம்பதாவது வயதோடு இன்றைய தங்களை ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்கப்பட்டார்கள். பொருள்களின் மீதான நாட்டம் குறைந்திருக்கிறதா, உள்மனத்தில் உலவுவது முன்னைவிட மகிழ்ச்சி தருகிறதா, உயிருக்கும் மரணத்திற்கும் இடையிலான கோடு முன்பு போல அழுத்தமாகத் தெரிகிறதா என்பவை போன்ற கேள்விகள் அவை. இப்படிப்பட்ட கேள்விகளை ஒருவர் வந்து கேட்டார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. எழுந்து நடக்க முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா என்பவற்றைத் தாண்டி முதியவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது போலத்தானே நாம் நடந்துகொள்கிறோம்?

இந்த மாற்றங்களை டோர்ன்ஸ்டாம் மூன்று தளங்களில் விவரித்தார். காலம், மரணம், முந்தைய தலைமுறைகள் ஆகியவற்றோடு ஒருவருக்குள்ள உறவு மாறுவது முதல் தளம். குழந்தைப் பருவம் நினைவாக மட்டும் நில்லாமல் இன்றைய பொழுதுக்குள்ளேயே நடமாடத் தொடங்குகிறது. இறந்துபோனவர்கள் மீண்டும் அருகில் வருகிறார்கள். என் அத்தை தன் தாயைப் பற்றி நிகழ்காலத்தில் பேசுவதை முதன்முதலில் கேட்டபோது வீட்டில் எல்லோருக்கும் அச்சம் தோன்றியது. மருத்துவர் பரிசோதித்து, நினைவாற்றலில் குறையில்லை என்றார். அத்தைக்குத் தாய் இறந்துவிட்டது தெரியும். எந்த ஆண்டு, எந்த நேரம் என்பதுகூடத் தெரியும். “அம்மாவுக்கு இந்த வெளிச்சம் பிடிக்கும்” என்று சொல்வதற்கும் அந்த அறிவுக்கும் அவரிடத்தில் முரண்பாடு ஏதும் இல்லை. ஒருநாள் சன்னல் விளிம்பில் எறும்புகள் இறந்த குளவி ஒன்றை இழுத்துச் செல்வதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கை விளிம்பின் பிளவில் மாட்டிக்கொண்டபோது எறும்புகள் பின்வாங்கி, சுற்றிவந்து, வேறு பக்கத்திலிருந்து பற்றி இழுத்தன. குளவி பிளவைத் தாண்டியதும் அத்தையின் முகத்தில் தெரிந்த நிறைவை, அவர் தன் பணிக்காலத்தில் பெற்ற எந்தப் பாராட்டின்போதும் நான் கண்டதில்லை.

இரண்டாவது தளம் ஒருவர் தன்னைத் தான் காணும் விதம். இதுவே இந்தக் கோட்பாட்டின் மிகக் கடினமான பகுதி என்றும், மிக அரிய பகுதி என்றும் நான் கருதுகிறேன். தன்னை மையமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் தளர்கிறது. அதனாலேயே தனக்குள் மறைந்திருந்த நல்லதையும் கெட்டதையும் நேருக்கு நேர் பார்க்கும் துணிவு வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே, முதியவர்கள் பழையதைத் திரும்பத் திரும்பச் சொல்வதை மூளைத்தளர்ச்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது, தீராத முரண்களை எடுத்துவைத்துச் சரிபார்க்கும் வாழ்க்கை மீள்பார்வை அது என்று எழுதினார். அத்தைக்கும் அவருடைய தங்கைக்கும் இளவயதில் ஒரு கடிதத்தால் பிளவு ஏற்பட்டது. அந்தக் கதையை நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். நடுவயதில் அத்தை சொன்ன கதையில் தங்கை கொடுமையானவர். கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் அத்தைக்கு மனப்பாடம். எழுபதுகளில் சொன்னபோது, அந்தக் கடிதத்தை எழுதிய நாள்களில் தங்கை மிகவும் பயந்துபோயிருந்தார் என்ற செய்தி கதைக்குள் வந்தது. எண்பதைக் கடந்தபின் ஒரு மாலையில் அதுவரை ஒருமுறைகூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: தங்கை சமாதானம் பேச வாசலில் வந்து நின்றதைத் தான் பார்த்ததாகவும், பார்த்தும் பின்கட்டு வழியாக வெளியேறிவிட்டதாகவும். அவர் அழவில்லை, தன்னை நொந்துகொள்ளவும் இல்லை. தங்கை அப்போது உயிரோடு இல்லாததால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. ஆனாலும் அந்தக் கதை அன்றுதான் முழுமையடைந்தது என்பது கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ‘இதை எத்தனை தடவைதான் சொல்வீர்கள்?’ என்று யாராவது இடையில் தடுத்திருந்தால் அந்தக் கடைசி வடிவம் வெளியே வந்திருக்காது.

மூன்றாவது தளமாகிய உறவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேலோட்டமான பழக்கங்களில் ஆர்வம் குறைந்து, சிலரோடான நெருக்கம் ஆழமாகிறது, தனிமை தேவைப்படுகிறது, பிறருக்குத் தீர்ப்பு வழங்கும் வேகம் தணிகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதே மாற்றத்தை வேறு வழியில் விளக்கினார். எஞ்சியிருக்கும் காலம் குறுகியது என்று உணரும்போது மனிதர்கள் புதிய அறிமுகங்களையும் தகவல்களையும் விட்டுவிட்டு, மனத்துக்குப் பொருளுள்ள உறவுகளைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. கடும் நோயால் ஆயுள் குறுகிவிட்ட இளைஞர்களிடமும் இதே தேர்வு காணப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவும் 1967இல் ஏற்பட்ட மாரடைப்புக்குப் பிந்தைய தன் வாழ்க்கையை மரணத்திற்குப் பிந்தைய வாழ்க்கை என்றே குறிப்பிட்டார். சாதாரணப் பொருள்கள்கூட அப்போது அவருக்கு விலைமதிப்பற்றவையாகத் தோன்றின. ஒருவர் தன் ஆற்றல்கள் முழுமையாக மலரப் பெறுவதையே மனித வளர்ச்சியின் உச்சமாக வைத்திருந்த அவர், தன்னைக் கடந்துபோதலை அதற்கும் அப்பால் வைத்துப் பேசியது தன் இறுதி ஆண்டுகளில்தான். 1970இல் 62 வயதில் அவர் இறந்தார்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் ஜோன் எரிக்சன். அவரும் அவருடைய கணவரான உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனும் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தவர்கள். முழுமைக்கும் விரக்திக்கும் இடையிலான போராட்டம் அதில் எட்டாவது கட்டம். எரிக் 1994இல் மறைந்தபின், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ஜோன், அந்தக் கட்டங்களின் வரைபடம் அத்தோடு முடியவில்லை என்று கூறி ஒன்பதாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தார். அது 1997இல் வெளிவந்தது. வரைபடத்தில் தாங்கள் வைத்த கடைசிக் கட்டத்தைத் தாண்டியும் வாழ்ந்துகொண்டிருந்தவர் என்பதால் அவருடைய சொற்களுக்குத் தனி எடை உண்டு. ஒன்பதாவது கட்டத்தை விவரிக்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் போராடும் இரண்டு எதிர்நிலைகளின் வரிசையை அவர் மாற்றினார்: முன்பு நம்பிக்கை முதலிலும் அவநம்பிக்கை பின்னாலும் நின்றன, இப்போது அவநம்பிக்கை முன்னால் வந்தது. உடல் சொன்னபடி கேட்காத வயதில், குழந்தைப் பருவத்தில் வென்ற நம்பிக்கையையும் தன்னாட்சியையும் மறுபடியும் முதலிலிருந்து வெல்ல வேண்டியிருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அப்படி எழுதிவிட்டுத்தான், டோர்ன்ஸ்டாமின் கருத்தை எடுத்துக்கொண்டு கடந்துபோதலைப் பற்றிப் பேசினார். முதுமையை இனிப்பாக மட்டும் பேசுபவர்களை நான் நம்புவதில்லை; ஜோன் எரிக்சனை நம்புகிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா அமைதியும் வளர்ச்சி ஆகாது. மனச்சோர்வு நோய் முதுமையின் இயல்பான பகுதியன்று; சிகிச்சையால் குணமாகக்கூடியது. பிடித்தமானவை உட்பட எல்லாவற்றிலும் ஈடுபாடு அற்றுப்போவது, பசியும் தூக்கமும் கெடுவது, தான் யாருக்கும் வேண்டாதவர் என்ற எண்ணம், ஓயாத குற்றவுணர்வு ஆகியவை தெரிந்தால் கோட்பாடு பேசிக்கொண்டிராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். காது மந்தமாகிப் பேச்சைப் பின்தொடர முடியாமல் ஒதுங்கியவர்களும், மருந்துகளின் பக்கவிளைவால் மந்தமானவர்களும், மறதிநோயின் தொடக்கத்தில் தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை ஒரு வேறுபாடு உண்டு: கடந்துபோகிறவரின் உலகம் வெளியில் சுருங்கினாலும் உள்ளே அகன்றுகொண்டே போகிறது, வேண்டியவர் வந்தால் அவர் முகம் மலர்கிறது, சோர்ந்தவருக்கு இரண்டு பக்கமும் அடைபடுகிறது. டோர்ன்ஸ்டாமும், முதியவர்கள் தாமே தேர்ந்துகொண்ட தனிமையையும் பிறர் சுமத்திய தனிமையையும் ஒன்றாகக் கருதியதில்லை. இந்தக் கோட்பாட்டைக் காட்டி, ‘அவருக்குத் தனிமைதான் பிடிக்கும்’ என்று பெரியவர்களைப் பார்க்கப் போகாமல் இருப்பது கொடுமை.

பராமரிப்பு இல்லங்களில் இந்தக் குழப்பம் அன்றாடம் நிகழ்கிறது. ஸ்வீடனில் இத்தகைய இல்லங்களின் ஊழியர்களிடம் விசாரித்தபோது, முதியவர்களிடம் தோன்றும் இம்மாற்றங்களை அவர்கள் கவனித்திருந்தும், பெரும்பாலும் நோய்க்குறியாகவோ செயலின்மையின் விளைவாகவோ விளங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பின்னர் செவிலியத் துறை ஆய்வாளர் பார்ப்ரோ வாடென்ஸ்டென், ஊழியர்களுக்கான சில வழிகாட்டுதல்களை உருவாக்கினார். உடல்நலத்தையே எல்லா உரையாடலுக்கும் பொருளாக்க வேண்டாம். மரணத்தைப் பற்றி அவர்கள் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். கூட்டு நிகழ்ச்சிக்கு வருவதா, அறையில் இருப்பதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். காலங்கள் கலந்து பேசினால் உடனே திருத்த வேண்டாம். அமைதியாக அமர ஓர் இடம் ஒதுக்குங்கள் என்ற போக்கில் அமைந்தவை அவை. எதற்கும் பணம் பெரிதாகத் தேவையில்லை, ஆனால் நேரம் தேவை. ஒருவரைக் குளிப்பாட்டி உடை மாற்றுவதற்கே நிமிடக் கணக்கு பார்க்கும் இடத்தில், அவர் தன் தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை நிற்க எந்த ஊழியருக்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. அதற்கு ஊழியரைக் குறைசொல்வதும் நியாயமாகாது.

அத்தை இறுதியாக இருந்த இல்லத்தின் பதிவேட்டில் ‘பங்கேற்கவில்லை’ என்ற சொல் வாரந்தோறும் இருந்தது. நிகழ்ச்சிகள் நடந்த நேரத்தில் அவர் சன்னலருகே இருந்தார் என்பதையும், அடுத்த அறையில் படுக்கையிலிருந்த ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நாள்தோறும் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார் என்பதையும் எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. நான் தலைமைச் செவிலியரைச் சந்தித்து, ‘தனக்குப் பிடித்ததைச் செய்தார்’ என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். படிவத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கச் சம்மதித்தார். அதற்குப் பிந்தைய பக்கங்களில் மற்ற முதியவர்களின் பெயர்களுக்கு எதிரிலும் அப்படிச் சில குறிப்புகளைப் பார்த்தேன்.